பெசராபியா: ஒவ்வொரு வரைபடத்திலும் ஏன் வேறு வேறு வடிவம்?

கேள்வி கேட்டவர், புரூத், தினியெஸ்தர் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் பெசராபியாவின் மூன்று பழைய வரைபடங்களைப் பார்த்திருக்கிறார். 1820-களில் வந்த ஒன்றில் 'பெசராபியா ஓப்லஸ்த்' (தனி ஏற்பாட்டில் ஆளப்படும் எல்லைப்புறப் பகுதி) என்று இருக்கிறது. 1860-களில் வந்த இன்னொன்றில் அதன் தெற்குப் பகுதி வெட்டப்பட்டு வேறு நாட்டின் நிறத்தில் இருக்கிறது. 1900-ஐ ஒட்டிய மூன்றாவதில் தெற்கு திரும்ப ஒட்டிக்கொண்டு, பெயரும் 'பெசராபியா குபேர்னியா' (பேரரசின் வழக்கமான மாகாணம்) என்று மாறியிருக்கிறது. "ரஷ்யப் பேரரசின் இந்த மாகாணம்தான் இன்றைய மால்டோவா என்கிறார்களே, அப்படியென்றால் கடலோரப் பகுதி எப்படி உக்ரைனுக்குப் போனது?" என்பது அவர் கேட்டது. எந்த வரைபடம் சரி என்பதுபோலத் தோன்றினாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு: ரஷ்ய ஆட்சியில் இருந்த 106 ஆண்டுகளும் பெசராபியா ஒரே மாகாணமாக இருந்ததா? இருந்தது என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். நான் இல்லை என்பேன்.

முதலில் சுருக்கமான பதில். மூன்று வரைபடங்களும் சரிதான். 1812 முதல் 1856 வரை முழுப் பகுதியும் ரஷ்யாவிடம். 1856-இல் கையெழுத்தான உடன்படிக்கையால் தெற்கு ரஷ்யாவின் கையைவிட்டுப் போனது. 1878-இல் திரும்பி வந்தது. 1873-இல் ஓப்லஸ்த் குபேர்னியா ஆனது. எனவே தெற்கு இல்லாத வரைபடம் அந்த இருபது சொச்சம் ஆண்டுகளுக்கு உரியது. பழைய பெசராபியாவில் இன்றைய மால்டோவாவுக்குள் இருப்பது நடுப்பகுதி மட்டுமே. வடமேற்கு முனையில் இருந்த கோத்தின் மாவட்டத்தின் பெரும்பகுதி இன்று உக்ரைனின் செர்னிவ்சி மாநிலத்திலும், தெற்கில் இருந்த அக்கர்மான், இஸ்மாயில் பகுதிகள் ஒடேசா மாநிலத்திலும் இருக்கின்றன. தினியெஸ்தர் ஆற்றின் கிழக்குக் கரையில் தனி ஆட்சி நடத்தும் திரான்ஸ்னிஸ்திரியா எந்தக் காலத்திலும் பெசராபியாவைச் சேர்ந்தது அல்ல. ரஷ்யர் காலத்தில் அது கெர்சோன், பொதோலியா என்ற வேறு இரண்டு குபேர்னியாக்களில் இருந்தது. அந்த ஆட்சியின் கையில் இப்போது இருக்கும் பெந்தேர் நகரமும் அதை ஒட்டிய சில கிராமங்களும் மட்டும் மேற்குக் கரையில், பழைய பெசராபியாவுக்குள் வருகின்றன.

இனி விரிவாக. ரஷ்யப் பேரரசின் எல்லைப்புற மாகாணங்கள் பற்றிப் பல ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான். ரஷ்ய மொழி மூலங்களை நேரடியாகப் படிப்பேன், ருமேனிய மொழியில் அகராதியின் துணையோடு தடுமாறித்தான் போவேன், உஸ்மானிய (ஒட்டோமான் துருக்கி) ஆவணங்கள் என் எல்லைக்கு அப்பால். அதனால் 1812-க்கு முந்தைய நிலைமை பற்றி நான் சொல்வது பிறருடைய ஆய்வை நம்பிச் சொல்வது. அதோடு தேதி விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. 1918 தொடக்கம் வரை ரஷ்யாவில் பழைய நாட்காட்டிதான். 19-ஆம் நூற்றாண்டில் அது 12 நாள் பின்தங்கியது, 20-ஆம் நூற்றாண்டில் 13 நாள். ஒரே ஒப்பந்தத்துக்கு இரண்டு தேதி பார்த்தால் பயப்பட வேண்டாம்.

1812 மே 16 (புதிய கணக்கில் 28) அன்று புக்காரெஸ்டில் ரஷ்யாவும் உஸ்மானியப் பேரரசும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ரஷ்யத் தரப்பில் முடித்தவர் தளபதி குத்தூசொவ். ஒரு மாதத்துக்குள் நெப்போலியன் நேமன் ஆற்றைக் கடந்து ரஷ்யாவுக்குள் வந்துவிட்டான் என்பதை நினைத்தால் அந்த அவசரம் புரியும். புரூத் ஆற்றுக்கும் தினியெஸ்தர் ஆற்றுக்கும் நடுவில் இருந்த, ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர் நிலம் ரஷ்யாவுக்கு வந்தது. ஆனால் அது ஒரே தன்மையான நிலம் அல்ல. வடக்கும் நடுவும் மால்டேவியச் சிற்றரசின் கிழக்குப் பாதி. அந்தச் சிற்றரசு சுல்தானுக்குக் கப்பம் கட்டியது. என்றாலும் உள்ளே தன் சட்டம், தன் பிரபுக்கள், தன் திருச்சபை என்று இருந்தது. கோத்தின், பெந்தேர், அக்கர்மான், கிலியா, இஸ்மாயில் ஆகிய கோட்டைகளும் அவற்றைச் சுற்றிய நிலமும் உஸ்மானியத் தளபதிகளின் நேரடி ஆட்சியில் இருந்தவை. தெற்கே புஜாக் என்ற புல்வெளி, நோகாய் தாத்தாரியர் மந்தை மேய்த்த இடம். போர் ஆண்டுகளில் அவர்கள் வெளியேற்றப்பட, அந்த வெளி கிட்டத்தட்ட ஆளற்றுக் கிடந்தது. பெசராபியா என்ற பெயர் அதுவரை இந்தத் தெற்குப் பகுதிக்குத்தான் வழங்கியது. முழு நிலத்துக்கும் அதை இழுத்து விரித்தவர்கள் ரஷ்யர்கள். ஆக, 1812-க்கு முன் 'பெசராபியா மாகாணம்' என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள்.

பிடித்த நிலத்தை எப்படி ஆள்வது என்பதற்குத் தலைநகர் பீட்டர்ஸ்பர்கில் திட்டம் எதுவும் தயாராக இருக்கவில்லை. தான்யூப் படையின் தளபதியாக இருந்த அட்மிரல் சிச்சாகொவ் 1812-இலேயே தற்காலிக விதிகளை வகுத்தார். முதல் சிவில் ஆளுநராக ஸ்கார்லத் ஸ்தூர்த்சா என்ற மால்டேவியப் பிரபு அமர்த்தப்பட்டார். மூன்று ஆண்டு வரிவிலக்கு, படைக்கு ஆள் எடுப்பதில்லை, உள்ளூர்ச் சட்டம் தொடரும் என்பவை சலுகைகள். நோக்கம் வெளிப்படையானது: புரூத்துக்கு அப்பால் சுல்தானின் கீழ் இருந்த கிறிஸ்தவ மக்கள் இதைப் பார்த்து ஏங்க வேண்டும். ஸ்தூர்த்சா முதியவர், நோயாளி. அடுத்த ஆண்டே அவர் இடத்துக்கு ஜெனரல் ஹார்த்திங் வந்தார். அவர் ரஷ்ய முறையைக் கையில் எடுக்க, பிரபுக்கள் ஜாருக்கு மனுமேல் மனு அனுப்பினார்கள். 1816-இல் பக்மேத்தெவ் என்பவரை முழு அதிகாரம் கொண்ட ஜாரின் பிரதிநிதியாக அனுப்பி, அந்த இழுபறியை ஜார் அலெக்சாந்தர் தற்காலிகமாக முடித்துவைத்தார்.

1818 ஏப்ரலில் ஜார் முதலாம் அலெக்சாந்தர் நேரில் கிஷினேவுக்கு (இன்றைய கிஷினாவு) வந்து 'பெசராபியா ஓப்லஸ்த் அமைப்புச் சட்டம்' என்ற ஆவணத்துக்கு ஒப்புதல் தந்தார். என் கருத்தில் இந்த மாகாணத்தின் வரலாற்றிலேயே மிகச் சுவையான ஆவணம் இதுதான். ஒரு மேல் மன்றம். அதில் பிரபுக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்களுக்கும் இடம். குற்ற வழக்குகளுக்கு ரஷ்யச் சட்டம், சிவில் வழக்குகளுக்கு மால்டேவிய வழக்கம். அலுவல் மொழியாக ரஷ்யமும் மால்டேவியமும். இது தனி ஒரு பரிசோதனை அல்ல. 1809-இல் பின்லாந்துக்கும் 1815-இல் போலந்துக்கும் அதே ஜார் இப்படிப்பட்ட தனி ஏற்பாடுகளைச் செய்திருந்தார். பெசராபியாவுக்குக் கிடைத்தது அவற்றைவிடச் சிறியது, ஆயுளும் குறைவு. கவிஞர் பூஷ்கின் 1820 முதல் 1823 வரை கிஷினேவில் ஜெனரல் இன்சோவின் அலுவலகத்தில் பெயருக்கு வேலை பார்த்ததும் இந்தக் காலத்தில்தான். அவருக்கு அது நாடு கடத்தல் மாதிரி. நிர்வாக வரலாறு படிப்பவனுக்கோ, இன்சோவ் அங்கே இருந்ததுதான் முக்கியம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1823-இல் நோவொரோசியாவின் (கருங்கடலுக்கு வடக்கே இருந்த ரஷ்ய மாகாணங்களின்) கவர்னர் ஜெனரலாக வந்த வரன்த்சோவ் பெசராபியாவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டார். இருப்பிடம் ஒடேசா. அப்போதிலிருந்து கிஷினேவின் முடிவுகள் ஒடேசா வழியாகத்தான் போயின. புதிய ஜார் நிக்கோலாய் காலத்தில், 1828 பிப்ரவரி 29 அன்று வந்த புதிய விதிமுறை 1818 சட்டத்தை ரத்து செய்தது. மேல் மன்றம் போய், அதன் இடத்தில் அதிகாரிகள் நிறைந்த ஓப்லஸ்த் மன்றம் வந்தது. ரஷ்யம் அலுவல் மொழியானது. மால்டேவியம் தேவைப்பட்ட இடத்தில் மொழிபெயர்ப்புக்கு மட்டும். இத்தோடு தன்னாட்சி முடிந்தது என்று வரலாற்று நூல்கள் எழுதும். மேல் அடுக்கைப் பொறுத்தவரை அது உண்மை. கீழே என்ன நடந்தது என்று பார்த்தால்தான் எனக்கு உற்சாகம் வருகிறது.

கீழே இருந்தது மாகாணத்துக்குள் பல மாகாணங்கள். ஆளில்லாத புஜாக்கை நிரப்ப 1813-இல் அலெக்சாந்தர் ஜெர்மானிய விவசாயிகளை அழைத்தார். 1814 முதல் வந்து சேர்ந்தவர்கள் அமைத்த ஊர்களுக்கு நெப்போலியன் போரின் களங்களையே பெயராக வைத்தது ரஷ்ய நிர்வாகம்: தருத்தினோ, பரதினோ, குல்ம், லைப்சிக், பாரிஸ், அர்சிஸ், பிரியென். புல்வெளியில் மாட்டுவண்டி ஓட்டியபடி லைப்சிகிலிருந்து பாரிஸ் போய்விடலாம். தான்யூபைத் தாண்டி வந்த பல்கேரியர்களுக்கும் ககாவுசுகளுக்கும் (துருக்கிய மொழி பேசும் கிறிஸ்தவர்கள்) 1819 டிசம்பரில் குடியேறிகள் அந்தஸ்து கிடைத்தது. அவர்களுக்கு மையமாக 1821-இல் பொல்கிராத் நகரம் எழுந்தது. இவர்கள் அனைவரும் மாவட்ட அதிகாரிக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர். தென் ரஷ்யக் குடியேறிகளுக்கான பாதுகாப்புக் குழு என்ற தனி அமைப்பு இவர்களைக் கவனித்தது, அதன் தலைவர்தான் மேலே சொன்ன இன்சோவ். பல்கேரியர்கள் இன்றும் அவரைக் கொண்டாடுவதற்குக் காரணம் உண்டு. அப்புறம், 1828-இல் அக்கர்மான் பக்கம் தான்யூப் கொசாக் படை என்று ஒன்று உருவாக்கப்பட்டது. அதன் கிராமங்கள் படைத் தலைமையின் கீழ். 1868-இல் படை கலைக்கப்பட்டது. 1871-இல் குடியேறிகளின் தனி அந்தஸ்தும் நீக்கப்பட்டது. அதுவரை அக்கர்மான் மாவட்ட அதிகாரியின் உத்தரவு பக்கத்து ஊரில் செல்லாது என்ற நிலை சாதாரணம்.

சட்டத்தின் கதை இன்னும் விசித்திரம். 1828-க்குப் பிறகும் பெசராபியாவில் சொத்து, வாரிசு, சீதனம் போன்ற சிவில் வழக்குகள் உள்ளூர்ச் சட்டப்படியே தீர்க்கப்பட்டன. அந்த உள்ளூர்ச் சட்டம் எது? முதலாவது, 14-ஆம் நூற்றாண்டில் தெசலோனிக்கியில் நீதிபதியாக இருந்த ஹர்மெனோபூலோஸ் தொகுத்த பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) சட்டத் தொகுப்பு. இரண்டாவது, தோனிச் என்ற மால்டேவிய சட்ட அறிஞரின் கையேடு. இந்த இரண்டாவது நூல் அச்சானது 1814-இல், யாசி நகரில். அதாவது பெசராபியா பிரிந்து இரண்டு ஆண்டு கழித்து, எல்லைக்கு அப்பால், வேறு ஆட்சியின் தலைநகரில் வெளிவந்த கையேடு ரஷ்ய மாகாணம் ஒன்றின் சட்டமாகிவிட்டது! மூன்றாவதாக, பிரபுக்களின் சொத்துப் பரிமாற்றங்கள் குறித்து 1785-இல் மால்டேவிய அரசர் வெளியிட்ட ஆணை ஒன்று. இவற்றின் ரஷ்ய மொழிபெயர்ப்புகளை அரசே 1831-இல் அச்சிட்டது. வழக்குகள் மேல்முறையீட்டில் பீட்டர்ஸ்பர்க் செனட் வரை போனபோது, அங்கே இருந்த நீதிபதிகள் ஐந்நூறு ஆண்டுப் பழைய கிரேக்கத் தொகுப்பின் வரிகளுக்குப் பொருள் சொல்ல வேண்டியிருந்தது. பேரரசு ஒழிந்த பிறகும் இது ஒழியவில்லை. 1918-இல் வந்த ருமேனிய ஆட்சி தன் சிவில் சட்டத்தை இங்கே நீட்டித்தது 1928-இல்தான். பழைய வீட்டை வாங்கியவர் முந்தைய சொந்தக்காரரின் பூட்டையும் சாவியையும் மாற்றாமலே நூறு வருடம் குடியிருந்த கதை இது.

ஏன் மாற்றவில்லை? தாராள மனம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாற்றினால் நிலப் பத்திரங்கள் அனைத்தையும் மறுபடி எழுத வேண்டும், பிரபுக்கள் கூச்சல் போடுவார்கள், ரஷ்யச் சட்டம் தெரிந்த நீதிபதிகளும் போதாது. பழையதை விட்டுவைப்பது செலவு குறைந்த வழி. இது என் வாசிப்பு. ஆவணத்தில் இப்படி ஒரு வரி கிடைக்காது. விவசாயிகள் விஷயத்திலும் இதே போக்கு. ரஷ்யாவின் உள்மாகாணங்களில் இருந்த பண்ணையடிமை முறை மால்டேவிய விவசாயிகள்மேல் சுமத்தப்படவில்லை. அவர்கள் 1749-இலேயே மால்டேவியாவில் உடல்சார் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்கள். பிரபுவின் நிலத்தில் ஒப்பந்தப்படி உழைத்தார்கள். அதனால் 1861-இல் ரஷ்யா முழுக்கப் பேசப்பட்ட அந்த விடுதலை இவர்களுக்குப் பொருந்தவில்லை. இவர்களுக்கென்று தனி நிலச் சட்டம் 1868 ஜூலையில் வந்தது. 1861-இல் இங்கே விடுதலை பெற்றவர்கள் பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் அடிமைகளாக இருந்த ரோமா (ஜிப்சி) மக்கள்.

இப்போது தெற்கு வெட்டப்பட்ட கதை. கிரிமியப் போரில் தோற்ற ரஷ்யாவைத் தான்யூபிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று வென்றவர்கள், குறிப்பாக ஆஸ்திரியா, விரும்பினார்கள். 1856 மார்ச் 30 பாரிஸ் உடன்படிக்கைப்படி பெசராபியாவின் தென்மேற்கு மால்டேவியச் சிற்றரசுக்குத் திரும்பியது. எல்லைக் கோடு வரைந்தவர்கள் பயன்படுத்திய வரைபடம் சிறியது. பொல்கிராத் நகரம் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதில் தகராறு வந்தது. குடியேறிகளின் மையத்தை விட ரஷ்யாவுக்கு மனமில்லை. அந்த ஊர் யால்புக் ஏரியின் தலைப்பில் இருந்தது. ஏரி வழியே தான்யூபை எட்டலாம் என்பதால் பிரிட்டன் விடாப்பிடியாக நின்றது. 1857 ஜனவரியில் பாரிஸில் மறுபடி கூடிப் பேசி முடித்தார்கள்: பொல்கிராத் மால்டேவியாவுக்கு, ஈடாக வடக்கே கொம்ராத்தைச் சேர்த்து ஒரு துண்டு ரஷ்யாவுக்கு, தான்யூபின் கழிமுகம் சுல்தானுக்கு. உங்கள் இரண்டாவது வரைபடத்தில் இருக்கும் நெளிந்த கோட்டின் பின்னணி இதுதான். அதே பகுதியைக் காட்டும் 1856 வரைபடமும் 1858 வரைபடமும் கொஞ்சம் வேறுபட்டால் அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம்.

திரும்பக் கிடைத்த நிலத்தை மால்டேவியா காகுல், பொல்கிராத், இஸ்மாயில் என்று மூன்று மாவட்டங்களாக ஆண்டது. 1859-இல் மால்டேவியாவும் பக்கத்துச் சிற்றரசான வலாக்கியாவும் ஒரே அரசரின் கீழ் வந்து பிறகு ருமேனியா ஆனபோது, இந்த மூன்றும் ருமேனியாவின் மாவட்டங்கள் ஆயின. எனவே அங்கே ருமேனியாவின் 1864 சீர்திருத்தங்கள், பிரெஞ்சு மாதிரியில் அமைந்த கிராம, நகரக் கம்யூன்கள் (உள்ளாட்சி அலகுகள்) எல்லாம் வேர்விட்டன. மறுபுறம், ரஷ்யாவிடம் மிஞ்சிய பெசராபியாவிலும் சீர்திருத்தக் காலம். 1869-இல் ஜெம்ஸ்த்வோ என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றங்கள் வந்தன. புதிய நீதிமன்ற அமைப்பும் அதே ஆண்டு. 1873 அக்டோபர் 28-இல் ஓப்லஸ்த் என்ற நிலை போய் குபேர்னியா ஆனது. சில நூல்களில் 1871 என்று பார்க்கலாம். அது குடியேறிகளின் அந்தஸ்து நீக்கப்பட்ட ஆண்டு என்பதால் இரண்டும் கலந்துவிட்டதோ என்று ஊகிக்கிறேன். நான் 1873-ஐயே எடுத்துக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு ஒடேசாவின் கவர்னர் ஜெனரல் பதவியும் போனது. கிஷினேவ் ஆளுநர் நேரே பீட்டர்ஸ்பர்குக்கு எழுதத் தொடங்கினார். நடைமுறையில் பெயர் மாற்றத்தைவிட இதுதான் பெரிய மாற்றம் என்பேன்.

1878-இல் பெர்லின் மாநாடு தெற்கை ரஷ்யாவுக்கே திருப்பிக் கொடுத்தது. துருக்கியோடு நடந்த போரில் ரஷ்யாவின் தோளோடு தோள் நின்ற ருமேனியாவுக்குக் கிடைத்த பரிசு, நிலத்தைப் பறிகொடுத்து, தான்யூபுக்கும் கருங்கடலுக்கும் நடுவில் இருக்கும் வடக்குத் தொப்ருஜாவை வாங்கிக்கொள் என்பது. ருமேனியர்கள் அதை மறக்கவே இல்லை. மூன்று ருமேனிய மாவட்டங்களும் சேர்ந்து இஸ்மாயில் என்ற ஒரே ரஷ்ய மாவட்டம் ஆயின. ஆனால் பாருங்கள், பழைய வழக்கம் மறுபடி தலைகாட்டுகிறது. ருமேனியர் விட்டுப்போன கம்யூன் அமைப்பை ரஷ்யா கலைக்கவில்லை. குபேர்னியாவின் மற்ற ஏழு மாவட்டங்களிலும் ஜெம்ஸ்த்வோ இருக்க, இஸ்மாயிலில் மட்டும் இல்லை. பேரரசு விழும்வரை அந்த மாவட்டக் கிராமங்கள் ருமேனியச் சட்டம் வகுத்த முறையிலேயே தங்களை நிர்வகித்தன. ரஷ்யப் பேரரசின் ஒரு மூலையில், வேறு நாட்டின் உள்ளாட்சிச் சட்டம், முப்பத்தொன்பது ஆண்டுகள்.

அந்த எட்டு மாவட்டங்கள்: கோத்தின், சொரொகா, யாசி, ஒர்கேயெவ், கிஷினேவ், பெந்தேர், அக்கர்மான், இஸ்மாயில். இதில் 'யாசி மாவட்டம்' என்பதைப் பார்த்துக் குழம்பாதவர் இல்லை. யாசி நகரம் புரூத்துக்கு அப்பால், ருமேனியாவில். 1812-க்கு முன் அந்த நகரைச் சேர்ந்த மாவட்டம் ஆற்றின் இரு பக்கமும் பரவியிருந்தது. கிழக்குத் துண்டு ரஷ்யாவுக்கு வந்த பிறகும் பழைய பெயரையே வைத்துக்கொண்டது, தலைமை இடம் பெல்த்சி ஊராக இருந்தபோதிலும். 1887-இல்தான் 'பெல்த்சி மாவட்டம்' என்று மாற்றினார்கள். பழைய பதிவேட்டில் 'யாசி மாவட்டத்தில் பிறந்தவர்' என்று இருந்தால், ருமேனிய யாசியில் தேடாதீர்கள்.

எண்ணிக்கைகள் பற்றி. 1817 கணக்கெடுப்பில் 4,82,630 பேர், அவர்களில் 86 சதவீதம் மால்டேவியர் என்று ஒரு தகவல் பல இடங்களில் சுற்றுகிறது. அந்தக் கணக்கில் உண்மையில் எண்ணப்பட்டவை குடும்பங்கள்: 96,526. அதை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். சரியாக 4,82,630 வரும். எனவே குடும்ப எண்ணிக்கையை ஓரளவு நம்பலாம். தலை எண்ணிக்கை வெறும் மதிப்பீடு. கடைசி இலக்கம்வரை எழுதுவதால் அது துல்லியமாகிவிடாது. 1897-இல் நடந்த பேரரசின் பொதுக் கணக்கெடுப்பு வேறு தரம். அதில் குபேர்னியாவின் மக்கள்தொகை 19,35,412. மால்டேவியம் தாய்மொழி என்றவர்கள் 47.6 சதவீதம், உக்ரைனியம் 19.6, யிட்டிஷ் (யூதர்களின் மொழி) 11.8, ரஷ்யம் 8, பல்கேரியம் 5 சொச்சம், ஜெர்மன் 3 சொச்சம். இங்கும் ஒரு நிபந்தனை உண்டு: கேட்டது தாய்மொழியை, இனத்தை அல்ல. வீட்டில் ரஷ்யம் பேசத் தொடங்கிவிட்ட நகரத்து மால்டேவியர் எந்தப் பத்தியில் விழுந்திருப்பார் என்று சண்டை போடுபவர்கள் இன்றும் உண்டு. ருமேனியத் தரப்பு இந்த 47.6-ஐக் குறைவு என்கிறது, ரஷ்யத் தரப்பு சரி என்கிறது. கொஞ்சம் குறைவாக இருக்கலாம் என்பது என் எண்ணம், ஆனால் எவ்வளவு என்று எண் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

1903 ஏப்ரலில் கிஷினேவில் நடந்த யூதப் படுகொலையைத் தவிர்த்துவிட்டு இந்த மாகாணத்தின் நிர்வாகம் பற்றிப் பேச முடியாது. 49 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாட்கள் காவலும் படையும் வேடிக்கை பார்த்தன. ஆளுநர் ராபென் பதவி நீக்கப்பட்டு, இளவரசர் உரூசொவ் வந்தார். பீட்டர்ஸ்பர்கிலிருந்தே உத்தரவு வந்தது என்று அன்று உலகம் முழுக்க நம்பினார்கள். பின்னர் வந்த ஆய்வுகள் அப்படி நேரடி உத்தரவுக்குச் சான்று காணவில்லை. உள்ளூர் வெறுப்புப் பிரசாரமும் செயலற்ற அதிகாரிகளும் சேர்ந்த விளைவு என்பதே இன்று பெரும்பாலானோர் ஏற்பது. அது அரசின் பொறுப்பைக் குறைப்பதாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆளுநருக்கும் படைத்தளபதிக்கும் நடுவில் யார் உத்தரவிடுவது என்று தீர்மானிக்கவே ஒரு நாளுக்கு மேல் ஆன அமைப்பு அது.

1917-இல் பேரரசு உடைந்தது. கிஷினேவில் கூடிய 'ஸ்பாத்துல் த்செரி' என்ற நாட்டு மன்றம் டிசம்பரில் மால்டேவிய ஜனநாயகக் குடியரசை அறிவித்தது. அடுத்த மாதம் ருமேனியப் படை உள்ளே வந்தது. 1918 மார்ச் 27 (புதிய கணக்கில் ஏப்ரல் 9) அன்று ருமேனியாவோடு இணைய 86 பேர் ஆதரவு, 3 பேர் எதிர்ப்பு, 36 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கினார்கள். வாக்கு எண்ணிக்கையில் ஐயமில்லை. ருமேனியப் படை ஊருக்குள் நின்ற நிலையில் அந்த வாக்கு எவ்வளவு சுதந்திரமானது என்பதில்தான் முடிவில்லாத வாதம். சோவியத் அரசு இணைப்பை ஏற்கவே இல்லை. 1924-இல் தினியெஸ்தரின் கிழக்குக் கரையில், உக்ரைனுக்குள், மால்டேவிய தன்னாட்சிக் குடியரசு ஒன்றை அமைத்து ஆற்றுக்கு அப்பால் ஒரு கண் வைத்தது. ருமேனியர் காலத்தில் பெசராபியா ஒன்பது மாவட்டங்களாக ஆளப்பட்டது. பழைய எட்டில் இஸ்மாயிலிலிருந்து காகுல் தனியாகப் பிரிந்ததே பெரிய மாற்றம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 1940 ஜூன் 28 அன்று சோவியத் படை நுழைந்தது. ஆகஸ்ட் 2-இல் மால்டேவிய சோவியத் குடியரசு அமைந்தபோது பழைய பெசராபியா மூன்றாக வெட்டப்பட்டது. கோத்தினின் பெரும்பகுதி உக்ரைனின் செர்னிவ்சிக்குப் போனது. தெற்கு உக்ரைனின் அக்கர்மான் மாநிலமாகி, அதே ஆண்டு டிசம்பரில் இஸ்மாயில் மாநிலம் என்று பெயர் மாறி, 1954-இல் ஒடேசாவோடு கரைந்தது. நடுப்பகுதியும், கிழக்குக் கரையில் இருந்த தன்னாட்சிக் குடியரசின் ஒரு பகுதியும் சேர்ந்ததுதான் மால்டோவா. இடையில் 1941 முதல் 1944 வரை ருமேனியா திரும்ப வந்து 'பெசராபியா ஆளுநரகம்' நடத்தியது. ஆனால் போருக்குப் பிறகு 1940-இன் கோடே நிலைத்தது.

ஏன் அப்படி வெட்டினார்கள்? அதிகாரபூர்வக் காரணம் மக்கள் தொகை. கோத்தினைப் பொறுத்தவரை அது நிற்கும். 1897-லேயே அங்கே உக்ரைனியம் பேசியவர்கள் பாதிக்கு மேல். தெற்கில் அந்த வாதம் தள்ளாடுகிறது. அக்கர்மானில் எந்தக் குழுவுக்கும் பெரும்பான்மை இல்லை. இஸ்மாயிலில் 1897-இல் மால்டேவியர்களே பெரிய ஒற்றைக் குழு, ஆனால் பாதிக்கும் குறைவு. தான்யூபின் முகத்துவாரத்தைச் சின்ன, புதிய குடியரசிடம் விடாமல் உக்ரைனிடம் வைத்துக்கொள்ள மாஸ்கோவும் கியேவும் விரும்பின என்ற விளக்கம் பொருத்தமாகத் தெரிகிறது. ஆனாலும் அது சூழ்நிலையிலிருந்து எடுக்கும் முடிவுதான். விளைவு மட்டும் வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது: 1812-இல் கருங்கடலும் தான்யூபும் எல்லையாக இருந்த நிலத்தின் நடுத்துண்டுக்கு இன்று கடல் இல்லை. தான்யூபில் ஜூர்ஜுலெஷ்த் என்ற ஊருக்கு அருகே அரை கிலோமீட்டர் அளவு கரை மட்டும் மிஞ்சியது. 2000-களில் மால்டோவா அந்தக் கரையில்தான் ஒரு துறைமுகம் கட்டிக்கொண்டது.